பி சைடு தண்ணீர்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஏரிக்கு ஒரு நீர்கட்டி உண்டு. மதகைத் திறந்து, முறை தவறாமல் ஒவ்வொருவர் கழனிக்கும் தண்ணீர் விடுவது அவன் வேலை. ஆனால் பாட்டுப் போட்டுத் தண்ணீர் அளந்தவன் முனிரத்தினம் ஒருவன்தான். நம்பாதவர்கள் அந்த மதகிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். அதற்கே பாதிப் பாட்டு மனப்பாடம்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கோயில் கல்வெட்டைப் படிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் பெட்டிகளைச் சுமந்த முனிரத்தினத்துக்கு ஒரு டேப்ரிகார்டரையும் ஒரே ஒரு கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். கேசட்டில் முழுக்க இங்கிலீஷ். முதலில் ஒரு கிழவர் கரகரவென்று பேசுவார். பிறகு கிதாரும் டிரம்மும் சேர்ந்து ஏரிக்கரை உடைந்த மாதிரி ஒரு சத்தம். முதல் தடவை போட்டபோது வேலமரத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பி மதுராந்தகம் போய்த்தான் இறங்கின. முனிரத்தினம் மட்டும் நகரவில்லை. இது கூத்து, பேசுகிறவன் கட்டியங்காரன், பின்னால் வருகிறவன் ராஜா என்று பெண்டாட்டி செங்கேணிக்கு விளக்கம் சொன்னான்.

பள்ளிக்கூடத்துச் சாமுவேல் சார் கேட்டுப் பார்த்துவிட்டு, அது கிட்டத்தட்ட சரிதான் என்றார். நூறு வருஷத்துக்கு முந்திய விஞ்ஞானக் கதை ஒன்றை ராக் இசைக்காரர்கள் தொடர் பாட்டாகக் கட்டியிருக்கிறார்களாம். தூரத்துக் கிரகம் ஒன்றில் கடல் வற்றிப்போகிறது. அங்கிருப்பவர்கள் இங்கே வந்து நம் கடலில் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். ஏ சைடு முடியும்போது அவர்களுடைய ராணி, காய்ந்து கிடக்கும் கரையோர ஊர்களைப் பார்த்து அழுகிறாள். பி சைடில் தண்ணீரைத் திருப்பிக் கொட்டிவிட்டு ஊர் போய்ச் சேருகிறார்கள்.

தண்ணீர்த் திருட்டுக் கதை என்றால் நீர்கட்டிக்குப் பிடிக்காமல் போகுமா? அன்று பிடித்த பிரியம் இன்றுவரை விடவில்லை. மூன்று டேப்ரிகார்டர் செத்தது, கேசட் சாகவில்லை. நாடா அறுந்த இடத்தைச் செங்கேணியின் நகப்பாலிஷை வைத்து ஒட்டினான். அதனால் ராணி ஓரிடத்தில் விக்குவாள்; அதுவே அழுகைக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அதற்கு முன்பெல்லாம் நிழலை அடிபோட்டு அளந்து தண்ணீர் விடுவார்கள். மேகம் மூடினால் மண்வெட்டிச் சண்டை. முனிரத்தினம் கேசட்டைக் கொண்டுவந்தான். ஓர் ஆளுக்கு ஏ சைடு, அடுத்த ஆளுக்கு பி சைடு, பாட்டு நின்றால் மதகு மூடும். கட்டியங்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று ஊரும் ஏற்றுக்கொண்டது.

இந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரியில் இருந்தது இன்னும் ஒரு முறைக்கான தண்ணீர்தான். கால்வாயின் கடைக்கோடியில் பவளத்தின் அறுபது சென்ட் நெல், பால் பிடிக்கிற பருவம். அந்த ஒரு தண்ணீர் முழுசாகப் பாயாவிட்டால் எல்லாம் பதர். பவளத்துக்கு எப்போதும் பி சைடு. தண்ணீர் எப்போதும் அவளுடைய கடைசி இரண்டு கழனிக்கு எட்டாது. எலி வளையில் போகிறது என்று நினைத்து, முப்பது வருஷமாக எலிகளின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்திருந்தாள்.

கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்த ஊர்ப் பையன் தினகரன், சும்மா இருக்காமல் ஃபோனில் நேரம் பார்த்தான். ஏ சைடு நாற்பத்தைந்து நிமிஷம். பி சைடு நாற்பதே நிமிஷம். அதன்பின் நாடா வெறுமனே இரைந்துகொண்டு ஓடுகிறது. இரைச்சலுக்கு எதற்குத் தண்ணீர் என்று முனிரத்தினம் மதகை மூடிவிடுவான். இனிமேல் ஃபோன் அலாரம்தான் என்று தினகரன் கரைமேல் நின்று அறிவித்தான்.

முனிரத்தினத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. நீர்கட்டி கை ஓரவஞ்சனை செய்தது என்ற சொல்லை அவன் பாட்டன்கூடக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து கேசட்டை அரிசிப் பானைக்குள் புதைத்தான்.

"பாட்டு இன்னாய்யா பண்ணும்?" என்றாள் செங்கேணி. "நீ மூடுனே, அது பாடிச்சி. எதுக்கும் நாளைக்கு எடுத்துக்கினு போ."

மறுநாள் காலை பவளத்தின் முறை. கேசட் மடியில் இருந்தது. முனிரத்தினம் அதைத் தொடவில்லை. தினகரன் ஃபோனோடு நின்றான். பவளம் கரையேறி வந்தாள்.

"முப்பது வருசமா எலியத் திட்டிக்கினு இருந்தேன் முனிரத்தினம். அதுங்க பாவம் எனக்கு. சரி, அந்தப் பொம்பள அழுவுறா பாரு, அந்தப் பாட்டு எவ்ளோ நேரம்?"

தினகரன் முந்திக்கொண்டு, அஞ்சு நிமிஷம் இருக்கும் என்றான்.

"அப்போ பி சைடு முடிஞ்சதும் அவள அழச் சொல்லு. சரியாப் பூடும். பி சைடு வாங்கற அத்தினி பேருக்கும் அதான்."

"எதுக்கு பேஜாரு பெரிம்மா? அலாரம் வெச்சா ஒரே வேல."

"உன் அலாரம் கத்துனா மாடு மிரளும். அவ அழுதா எங்கூட்டு மாடு ஒரு படி கூடக் கறக்குது. நீ ஓரமா நில்லு நைனா."

இத்தனை வருஷமும் தான் ஒருவன் மட்டும்தான் கேட்கிறோம் என்று முனிரத்தினம் நினைத்திருந்தான். மதகைத் தூக்கிவிட்டு பி சைடைப் போட்டான். அது நின்றதும், திறந்த மதகு திறந்தபடியே இருக்க, கேசட்டைத் திருப்பி, நாடாவை விறுவிறுவென்று முன்னால் ஓட்டி, அழுகை தொடங்கும் இடத்தை ஒரே நிறுத்தலில் பிடித்தான். முப்பத்தைந்து வருஷக் கை. ராணி அழுதாள், விக்கினாள், மறுபடி அழுதாள். பவளம் வரப்பில் ஓடினாள். தண்ணீர் கடைசிக்கு முந்திய கழனியைத் தாண்டிக் கடைசிக் கழனியின் கோடி மூலையைத் தொட்டபோது பாட்டு நின்றது. முனிரத்தினம் மதகை மூடினான்.

"முனிரத்தினம், இன்னொரு தபா போடு" என்று வரப்பிலிருந்து குரல் வந்தது.

உன் முறைத் தண்ணீர் முடிந்துவிட்டதே, அடுத்த ஆள் சண்டைக்கு வருவான் என்று கத்தினான் அவன்.

"தண்ணி யாரு கேட்டா? வேல முடிஞ்சி போச்சி, குந்திக்கினு கேக்கறேன். பாட்டப் போடு."