மஃரிபுக்கு முன் ஒரு மூச்சு

மாலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு. பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரோரப் பாயில் மல்லாந்து கிடந்த நானா. என் மூத்த சகோதரர். மடவளைப் பள்ளியின் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர். முழங்கால்கள் மடங்கியிருந்தன. ஒரு கை விலாவுக்குக் கீழே. மூச்சில் விசில் சத்தம்.

அது நோன்பு மாதம், ஜனவரிப் பனி. மற்ற மாதங்களில் மூச்சிழுப்பு வந்தால் ஊமத்தை இலைச் சுருட்டைப் பற்றவைப்பார். நோன்புப் பகலில் அதற்கு வழியில்லை. புகை உள்ளே போனால் நோன்பு முறியும். மிஞ்சியது கண்டி டொக்டர் காட்டிய பயிற்சி மட்டும். நெஞ்சை நிரப்பக் கூடாது. முதலில் காலி செய்ய வேண்டும்; 'ஸ்' என்று மெதுவாக, விலா ஒடுங்கும்வரை.

ஆறு மூன்றுக்கு மஃரிப், நோன்பு திறக்கும் அந்தித் தொழுகை வேளை. முந்தின நாள் பாங்கு பாதியில் நின்றுபோனது. இன்றும் நின்றால் நாளை முதல் வேறு ஆள் என்று பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் சொல்லியிருந்தார். அவர் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மோதினார், பாம்பு வளக்கிறீங்களா? சீறுற சத்தம் கேக்குது," என்றார் பக்கத்திலிருந்த புடவைக் கடைக்காரர்.

நான் குனிந்தேன். "நோம்ப வுடுங்க நானா. சீக்காளிக்குச் சலுகை ஈக்குதானே."

"பத்து நிமிஷத்துக்காடா?"

ஆறு மூன்றுக்கு நானா எழுந்து காதில் கை வைத்தார். வாயைத் திறந்து, எல்லா மோதினார்களும் செய்வதுபோல் நெஞ்சு நிறைய இழுத்தார். தோள்கள் காதுவரை ஏறின. வந்தது இருமல்.

பாங்கு கேட்காமல் நோன்பு திறக்க ஒருவரும் உணவைத் தொடவில்லை. ஆறு நான்கு.

"ஏலாட்டி நான் சொல்லவா?" கடைக்காரர் பாதி எழுந்தார். மரைக்கார் கையால் அவரை இருத்தினார். பார்வை கடிகாரத்தில் இருந்தது.

நானா சுவரில் கை ஊன்றிக் குனிந்தார். 'ஸ்'. பதினொன்று வரை எண்ணினேன். மறுபடியும், பதினான்கு. இன்னொரு முறை.

ஆறு ஏழுக்குப் பாங்கு எழுந்தது. வழக்கமாக 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் இரண்டை ஒரே மூச்சில் சொல்வார். அன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு. நடுவில் நிற்கவில்லை.

மரைக்கார் பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பினார். "நாளைக்கு நேரத்தோட வாங்க," என்றார் நானாவிடம்.

மறுநாள் ஐந்து மணிக்கே நானா பள்ளிக்குப் போய் மூச்சுப் பயிற்சிக்குப் பாயை விரித்தார்.