அப்பா சொன்ன கொரியாக் கார்

புதுக் காருக்குள் அடிக்கிற பிளாஸ்டிக் வாசமும், பூசை முடிந்து அதன் சில்லுக்கடியில் நசிந்த 'தேசிக்காயின்' எலுமிச்சை வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் அப்பாவின் நினைப்புத்தான் வரும்.

நியூசிலாந்தில், ஓக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் பொறியியலாளராக இருந்த அப்பா, இங்கே கொரியாக் கார் விற்கிற கடையொன்றில் 'பாட்ஸ்' எனும் உதிரிப்பாகங்கள் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி அப்போது கொடிகட்டிப் பறந்தது. எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம்: கடைக்காரன் தலைகீழாக நின்று சொன்னாலும் நம்பாது, எங்கட ஆள் ஒருவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். கோயிலில் அப்பாவைச் சுற்றி நின்று விசாரிப்பார்கள்.

"பயப்பிடாமல் எடுங்கோ, நான் பொறுப்பு" என்பார்.

அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது குடும்பங்கள், எங்கள் காரைப் போலவே, நிறம்கூட மாறாமல் வெள்ளைக் கார் எடுத்தன. அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த, மாசி என்ற பக்கத்துப் பகுதியில் இருந்த செல்வம் மாமாதான் முதல் ஆள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு கொரியாவில் கம்பெனி நொடித்துப்போனது. இங்கே கடையும் பூட்டு, அப்பாவுக்கும் வேலையில்லை, 'பாட்ஸ்' வருவதும் நின்றது. கார்கள் ஒவ்வொன்றாய்ப் பழுதாகப் பழுதாக, அப்பா எங்கள் காரிலிருந்தே கழற்றிக் கழற்றி மற்றவர்களுக்குப் பூட்டிக் கொடுத்தார். டைனமோ போனது, ரேடியேட்டர் போனது, கதவுகள்கூடப் போயின. செல்வம் மாமாவின் கார் நின்றபோது கொடுப்பதற்கு எங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, அவர் சொன்னார்:

"உன்ர கதையைக் கேட்டனே, என்னைச் சொல்லவேணும்."

அதற்குப் பிறகு அப்பா கோயிலுக்குப் போகவில்லை. அவரைத் தேடியும் ஒருவரும் வரவில்லை, நாங்கள் இருக்கிறோமா செத்தோமா என்றுகூட.

அந்த வெள்ளைக் கார்களில் ஒன்றையும் இன்று ஓக்லாந்துத் தெருக்களில் காணோம். போனால் போகட்டும், வெறும் இரும்புதானே. அடித்துச் சொல்கிற அந்த அப்பா போனதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. நான் எதைப் படிப்பது, யாரைக் கட்டுவது என்று எதைக் கேட்டாலும் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். அம்மாவும் காலமாகித் தனித்துப்போன அவரிடம், அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் கிடைத்த வேலைக்குப் போகவா என்று போன மாதம் கேட்டேன்.

"என்னைக் கேளாதை, பிள்ளை. நான் சொன்னது ஒண்டும் சரிவந்ததில்லை."

இரு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். வருகிற சனிக்கிழமை போகிறேன்.