இரண்டு துறைக்கு ஒரு மாணவி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தகவல் அறிவியலையும் பொதுக் கொள்கையையும் சேர்த்து முதுகலை படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். 'பாலிசி' என்ற சொல் காதில் விழுந்ததுமே, மகள் இன்சூரன்ஸ் விற்கப் போகிறாள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா தன் கணவருக்கு நல்லதாக ஒன்று போட்டுத் தரச் சொன்னார். விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பல்கலைக்கழகத்திலும் அதே கூத்துதான். எங்கள் ஊரில் ஒரே தெருவுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர், மலாய்ப் பெயர், சீனர் சொல்லும் பெயர், தமிழர் சொல்லும் பெயர் என்று நாலு இருக்கும். சாக்கடை அடைத்துக்கொண்டால் ஆளுக்கொரு பெயரில் புகார் கொடுப்பார்கள். ஒரு தெருவின் பெரிய தொல்லை நாலு தெருக்களின் சின்னத் தொல்லையாகிவிடும். அதற்கு யார் அவசரப்படுவார்கள்? இதுதான் என் ஆய்வு.

"இது கவர்மெண்டு விவகாரம், அங்க போங்க" என்றார் தகவல் துறைப் பேராசிரியர். "இது கம்ப்யூட்டர் வேலை, அங்க போங்க" என்றார் கொள்கைத் துறைப் பேராசிரியை. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இடம். கடைசி நாளன்று இருவரையும் ஒரே அறையில் பிடித்து உட்கார வைத்தேன்.

மதியமாகியும் பேச்சு நகரவில்லை. பசி வந்ததும் இருவருக்கும் ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது.

"பிட் ஸ்திரீட் நாசி கண்டார் சோத்துக் கடையில மீன் தலைக்கறி சாப்பிட்டிருக்கீங்களா மேடம்?" என்றார் பேராசிரியர். பிறந்து வளர்ந்தது இதே ஊர். தெருவின் புதுப்பெயர் அவர் வாயில் நுழையாது.

பேராசிரியை வெளியூர், ஈப்போக்காரர். பிட் ஸ்திரீட் என்ற பழைய பெயரை அவர் கேட்டதே இல்லை; அவருக்குத் தெரிந்தது மலாய்ப் பெயர்தான். "அதெல்லாம் சும்மா லா. ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்ல ஒரு கடை இருக்கு, பச்சைக் கதவு. அந்தக் கறிகிட்ட உங்க கறி நிக்காது."

"என் கடைக்கும் பச்சைக் கதவுதான்!"

"இருக்கட்டுமே, கறி ஒண்ணாகுமா?"

பொறுமை எனக்குப் பிறவியிலேயே குறைவு. "ஐயோ, ரெண்டும் ஒரே ரோடு, ஒரே கடை லா! காலையிலேருந்து இதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் பயம் வந்தது. இடம் போச்சு என்று நினைத்தேன். பேராசிரியை முதலில் சிரித்தார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூவரும் அலுவலகத்துக்குப் போனோம். எந்தத் துறையின் கீழ் என்னைப் பதிவது என்று கேட்டார்கள்.

"எங்க துறை!" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.