மரவள்ளியும் இஞ்சியும்

இஷொய் என்ற டேனிஷ் ஊரின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கொங்கோ ஆட்களின் விழா. பாட்டு லிங்காலா மொழியில். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் என் ஊர் ரண்டர்ஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்த களைப்பைக் கிற்றார் துடைத்துவிடுகிறது.

என் தட்டில் மரவள்ளி மாவில் கிண்டிய களி, பக்கத்தில் செம்பனை எண்ணெயில் வெந்த மரவள்ளி இலை. எங்கள் கீரைக்கறியைவிட ருசி என்று வீட்டில் சொல்லமாட்டேன். சமைத்த மரி ஒரு கிளாஸ் நீட்டுகிறார். மணந்து பார்க்கிறேன். இஞ்சிச் சாறு!

யாழ்ப்பாணத்தில் மரவள்ளி அவிக்கிற நாளில் இஞ்சியைக் கண்ணிலும் காட்டமாட்டார்கள்.

"ரெண்டும் சேர்ந்தால் நஞ்சு எண்டு எங்கட ஊரில சொல்லுவினம்" என்று டேனிஷில் தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்.

மரி சிரித்துக்கொண்டு மேடையைக் காட்டுகிறார். "அந்தக் கிற்றார்காரர் என்ர அப்பா. எண்பது தாண்டிட்டுது. கலியாணமோ செத்தவீடோ, அவருக்கு மரவள்ளியும் இஞ்சியும் ஒண்டாத்தான் வேணும்."

கிழவரின் விரல்கள் வேகம் பிடிக்கின்றன. மண்டபமே எழுந்து ஆடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடிக்கிறேன். தொண்டை எரிகிறது, கண் கலங்குகிறது, கால் தானாக ஆடத் தொடங்குகிறது.

நஞ்சு என்று சொன்னவர்களில் ஒருவர்கூட இதைக் குடித்துப் பார்த்திருக்கமாட்டார்.