கூடத்துப் பல்பும் கண்டக்டர் விசிலும்

செபமாலை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. வீட்டிலும் பஸ் சட்டம்தான். இரண்டு விசில் என்றால் மோட்டாரைப் போடு, ஒரு விசில் என்றால் நிப்பாட்டு.

திருவரங்குளத்தில் அவருடையது நீளமான வீடு. தண்ணீர்த் தொட்டி வாசல் பக்கத்து மாடியில், மோட்டாரோ கொல்லையில். இப்படிக் கட்டிய கொத்தனாரை அவர் திட்டாத நாளில்லை. வாசலில் நின்று ஊதினால் கொல்லைக்குக் கேட்காது. அதனால் மனைவி அமராவதி நடுக்கூடத்தில் நிற்பாள். விசில் கேட்டதும் கொல்லைப் பக்கம் திரும்பி, "நிப்பாட்டுடீ!" என்று மகள் பிளெஸ்ஸிக்குக் குரல் கொடுப்பாள். மோட்டார் ஓய்ந்ததும் வாசல் பக்கம் திரும்பி, "நிப்பாட்டியாச்சுங்க!" என்பாள். அந்தப் பதில் வரும்வரை மனுஷன் நகரமாட்டார். என்ன ஒரு நிர்வாகம்!

அமராவதி இறந்து இரண்டு வருஷமாகிறது. செபமாலைக்கு முட்டி ஆபரேஷன் வேறு. கொல்லைப் படி இறங்க முடியாது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பிளெஸ்ஸி, விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் செல்போனிலேயே இயக்கும்படி ஆள் வைத்து மாட்டிக் கொடுத்தாள். கூடவே ஒரு நிபந்தனை.

"இத வச்சும் தனியா சமாளிக்க முடியலைன்னா, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்ப்பா."

பூட்டுவதா? அமராவதி புழங்கிய வீட்டையா?

ஆனால் மோட்டார் சதி செய்தது. கூடத்தில் உட்கார்ந்து போட்டால் ஓடும். தொட்டியைப் பார்க்க வாசலுக்கு வந்து, அங்கே நின்று நிப்பாட்டினால் நிற்காது. தொட்டி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டு சிவரஞ்சனிதான் தினமும் கொல்லைக்கு ஓடிப்போய் அணைத்தாள். விஷயம் பிளெஸ்ஸி காதுக்கும் போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம காரோட வாரேன். துணியெல்லாம் எடுத்து வைங்க."

வேண்டாவெறுப்பாகப் பையைக் கட்டிய கையோடு, கருவி மாட்டிய அரவிந்த்குமாரை வரச் சொன்னார் செபமாலை.

"ஐயா, வாசலுக்கு வர்றப்ப கூடத்து லைட்ட செவுத்துச் சுவிட்சுல அணைச்சீங்களா?"

"ஆளில்லாத எடத்துக்கு என்னத்துக்குய்யா லைட்டு? எம்பொண்டாட்டி இருந்தா வஞ்சு தீத்துருப்பா."

"அதாங்கய்யா கோளாறு. ஒங்க போன் சொல்றத வாசல்ல நான் மாட்டுன பொட்டிதான் கேக்கும். அது சொல்றது கொல்லை வரைக்கும் எட்டாது. இந்தக் கூடத்து பல்புதான் கேட்டு மோட்டாருக்குச் சொல்லுது. போன்ல அணைச்சா வெளிச்சம் மட்டுந்தான் போகும், அது முழிச்சுத்தான் இருக்கும். செவுத்துல அணைச்சா கரண்டே இல்லாமப் போயிரும். அப்பறம் யாரு சொல்றது?"

செபமாலை அண்ணாந்து பார்த்தார். அமராவதி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே தொங்கியது பல்பு.

ஞாயிற்றுக்கிழமை பிளெஸ்ஸி வந்ததும், கூடத்துச் சுவிட்சைத் தொடாமல் அவளை வாசலுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தொட்டி நிறைந்தது. போனில் அழுத்தினார். கொல்லையில் மோட்டார் சட்டென்று ஓய்ந்தது. போனில் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனாலும் அவர் வாசலை விட்டு நகரவில்லை.

"அதான் நின்னுருச்சுல்லப்பா? உள்ள வாங்க."

அவர் கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிளெஸ்ஸிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் அந்தப் பல்புக்கு அடியில் நின்றாள். வாசல் பக்கம் திரும்பி, அம்மாவைப் போலவே குரல் கொடுத்தாள்.

"நிப்பாட்டியாச்சுப்பா!"

அதன் பிறகுதான் செபமாலை உள்ளே வந்தார். கட்டி வைத்திருந்த பையைப் பிளெஸ்ஸியே பிரித்து, துணிகளை மறுபடி பீரோவில் அடுக்கினாள்.