ஏர்கோன் கெட்டுப்போன கடை

ஜோகூரில் தம்போய் பகுதியில் உள்ள அந்த வரிசை வீட்டில் குளிர்ச்சியான அறை ஒன்றுதான். பகல் முழுக்க அதில் கமலநாதன் தூங்குவார். இரவு ஷிப்ட் ஆட்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றி இறக்கும் பேருந்தின் ஓட்டுநர் அவர்; ஊர் விழிக்கும்போது படுத்து, ஊர் வீடு திரும்பும்போது எழுவார். அவருடைய மனைவி யோகேஸ்வரி மென்பொருள் எழுதுகிறவர். மென்பொருள் எழுதுகிறவர்கள் குளுகுளு அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று உலகம் நம்புகிறது. யோகேஸ்வரி கூடத்தில் உட்கார்ந்து, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்துவந்தார்.

அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று கமலநாதன் பலமுறை சொல்லிப் பார்த்தார். தூக்கம் கெட்ட ஓட்டுநரை நம்பி ஒரு பேருந்து நிறைய ஆட்கள் ஏறுகிறார்கள் என்பது யோகேஸ்வரியின் பதில்.

ஆக, கூடத்துச் சூட்டைத் தாங்க வேண்டியவை இரண்டு: அவரும் அவருடைய மடிக்கணினியும். அவர் லாபிஸ் ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், தாங்கினார். மடிக்கணினி தாங்கவில்லை. எழுதிய நிரல் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டினால் முதலில் இரையும், பிறகு மந்தமாகும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகும். அடியில் காற்றுப் போகட்டும் என்று இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். ஆவிக்காகப் போட்ட ஓட்டைகள் காற்றுக்கும் ஓரளவு உதவின. வீட்டில் இட்லி நின்றது. கமலநாதன் முணுமுணுக்காமல் தோசைக்கு மாறினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நோஞ்சான் கணினியால்தான் யோகேஸ்வரிக்கு நல்ல பெயரே கிடைத்தது. முழுவதையும் ஓட்ட முடியாததால் நிரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி, வேண்டிய துண்டை மட்டும் ஓட்டுவார். குழுத் தலைவர் வசந்தன் அதை ஆழ்ந்த வடிவமைப்புத் திறன் என்று எல்லார் முன்னாலும் மெச்சினார். யோகேஸ்வரி மறுக்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் இணையக் கூட்டத்தில் முழுவதையும் ஓட்டிக் காட்டியாக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வெள்ளிகளில் கணினி பாதியிலேயே அணைந்தது. வசந்தன் கோபப்படவில்லை, மிகவும் மென்மையாகப் பேசினார். அலுவலகத்துக் கணினிகள் அணைவதில்லையாம். அதனால் இனி தினமும் அங்கேயே வந்துவிடலாமாம். அப்படியென்றால் விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்குப் போகும் ஜோகூர் பாலத்து நெரிசலில் நின்று, கமலநாதன் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீடு திரும்ப வேண்டும். ஒரே வீட்டில் குடியிருக்கும் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கலாம். இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கொடுங்கள் என்று கேட்டார் யோகேஸ்வரி. கிடைத்தது.

ஞாயிறன்று இருவரும் பேரங்காடிக்குப் போனார்கள். விற்பனையாளர் வெள்ளி நிறத்தில் மெலிந்த கணினி ஒன்றைக் காட்டி, எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாகாது, தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டார்கள். சில்லென்று இருந்தது. யோகேஸ்வரி கார்டை எடுத்து, மறு கையை மேசைமேல் ஊன்றினார். மேசையும் சில்லென்று இருந்தது. அப்போதுதான் தாம் ஸ்வெட்டர் போட்டு நிற்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

நிரல் எழுதப் பகுதிநேரமாகப் படிப்பதற்கு முன்னால் அவர் தம்போய் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவர். மின்சுற்றுப் பலகைகளைச் சூடான அறைக்குள் வைத்து, எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்ப்பதுதான் அங்கே அவருடைய வேலை. அப்படிப்பட்டவர் குளிர்ந்த கடையில் ஒரு பொருள் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதற்காகக் காசு கொடுக்கப் பார்த்தார். கார்டு பைக்குள் போனது. இதைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். விற்பனையாளர், வீட்டில் எல்லாம் சுகம்தானே என்று கேட்பதுபோலக் கமலநாதனைப் பார்த்தார்.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை வரிசையில் சுப்ஹான் பாயின் கணினிக் கடைக்குப் போனார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. பாய் கழுத்தில் துண்டோடு எழுந்து வந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, ஏர்கோன் ரோசாக் ஆயிருச்சு, ஓடல. நாளைக்கு ஆளு வர்றான். நாளைக்கு வாங்களேன், குளுகுளுன்னு இருக்கும்."

"வேணாம் பாய். இப்படி ஒரு கடையத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

பாய்க்கு அது பாராட்டா குத்தலா என்று விளங்கவில்லை. யோகேஸ்வரி விளக்கினார். கேட்டு முடித்த பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூலையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையும் போய் நிறுத்தினார். "அப்ப இது மட்டும் எதுக்கு?"

இரண்டு கணினிகளைப் பக்கம் பக்கமாக வைத்தார்கள்: மெலிந்த ஒன்று, தடித்த கறுப்பு ஒன்று. நிறுவனத்தின் நிரலை அடுத்தவர் கணினியில் ஏற்றுவது முறையல்ல என்பதால், வீட்டில் பழகிப் பார்க்கத் தாமே எழுதிய நிரல் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டு வந்திருந்தார் யோகேஸ்வரி. இரண்டிலும் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். முதல் ஓட்டத்தில் மெலிந்தது முந்தியது. பக்கத்துக் கடைத் தேநீர் வந்து, குடித்து முடிப்பதற்குள் அது பின்தங்கிவிட்டது. விசைப்பலகைக்கு மேலே விரல் வைக்க முடியவில்லை. சூடு ஏறியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. தடித்தது இரைந்த இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. ஆனால் கடைசி ஓட்டமும் முதல் ஓட்டத்தின் வேகத்திலேயே முடிந்தது.

கமலநாதன் அதன் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். அனல் காற்று. "என் பஸ்ஸு மாதிரியே இருக்கு" என்றார்.

"சூடு வெளிய வருதுன்னா உள்ள தங்கலன்னு அர்த்தங்க" என்றார் யோகேஸ்வரி.

மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மெலிந்ததை விற்றால் பாய்க்கு லாபம் அதிகம். அவரே அதை மூடி ஓரம் வைத்தார். "இதையே எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. பார்க்க லட்சணமா இருக்காது. ஆனா பாதியில நிக்காது." பின்மூடியைக் கழற்றி நினைவகத்தைக் கூட்டினார், காற்றுத் துளைகளில் தூசி அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மெத்தைமேல் வைத்து ஓட்டக் கூடாது என்று பிரசவம் பார்த்தவர் மாதிரிச் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்கியதும் ஜோகூரில் பலத்த மழையா என்று வசந்தன் கேட்டார். இல்லை, என் கணினி என்றார் யோகேஸ்வரி. சிரிப்பு அடங்குவதற்குள் நிரலை முழுவதுமாக ஓடவிட்டார். இரைந்துகொண்டே அது ஓடி முடித்தது. முடிவில் வசந்தன், இவ்வளவு சத்தத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் மற்றவர்கள் வேலை செய்ய முடியாது, தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள் என்றார். அனுமதியைப் புகார்போலச் சொல்லத் தெரிந்த மனிதர். யோகேஸ்வரி அவரை மனதாரக் கும்பிட்டார்.

கணினியை அணைத்ததும் படுக்கையறைக் கதவு திறந்தது. நாலு நாளாக அந்த இரைச்சலில் தூங்கிப் பழகிய கமலநாதனை அமைதி எழுப்பிவிட்டிருந்தது.

"என்ன, நின்னுருச்சா?"

"இல்லங்க. முடிஞ்சிருச்சு. நான் எங்கயும் போகல, போய்ப் படுங்க."

அவர் படுக்கவில்லை. சமையலறையில் இட்லித் தட்டு கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, அரிசியை ஊறப்போட்டார்.

மறுநாள் மாலை பத்து இட்லியைத் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு இருவரும் சுப்ஹான் பாயின் கடைக்கு நடந்தார்கள். சேர்ந்து நடக்க அவர்களுக்கு நேரம் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் குளிர் முகத்தில் அடித்தது. யோகேஸ்வரி சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இனிமே உங்க கடையில எதையும் நம்பி வாங்க முடியாதே பாய்."

பாய் தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீங்க வர்றப்ப ஏர்கோன அடச்சிடுறேம்மா."