நிக்கனோராவின் மஞ்சள் கையுறை

புருஷனை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்! யார் சொன்னது, பிளாசிதாவா? தம்பி பெண்டாட்டியைப் பற்றி பிளாசிதா முப்பது வருஷமாகச் சொல்லிவருவதில் ஒன்றாவது நடந்திருக்கிறதா? நிக்கனோரா வாசலைத் தாண்டிப் போனது உண்மை. கல்லில் ரொட்டி கிடக்கும்போதே போனது உண்மை. திங்கட்கிழமை போனாள், அதுதான் இந்தத் தெருவுக்கு ஆறவில்லை. ஆனால் ஏன் போனாள் என்று தெரியாமல் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நெருப்பில் சூடான கை அன்றைக்கு முழுவதும் குளிர்ந்த தண்ணீரில் படக்கூடாது. பட்டால் வாய் கோணிக்கொள்ளும். இந்த மெக்சிகோக் கரையில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். நிக்கனோராவின் மாமியார் துணிக்கு இஸ்திரி போட்ட கையோடு மழையில் போய் நின்றாள். இடது காதுப் பக்கம் போன வாய், அவளைப் புதைக்கிற வரைக்கும் திரும்பி வரவில்லை. நிக்கனோரா தினமும் சோள ரொட்டி சுடுகிறவள். அதனால் கடலில் இறங்க அவளுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. கடல் அவள் அடுப்பிலிருந்து நாற்பதடி.

அவள் புருஷன் எலிஹியோ வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலாமை காட்டுகிறவன். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் இவள் கேட்பாள்: "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

முப்பது வருஷம் இதே கேள்வி, இதே பதில். அந்த "நல்லா" என்னவென்று ஒரு தடவையாவது தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. தங்கம் கேட்கவில்லை, பட்டணம் கேட்கவில்லை.

போன மாதம் புனிதர் திருவிழாக் குலுக்கலில் அவளுக்குப் பரிசு விழுந்தது. கடற்கரைக் கோடியில் இருக்கிற ஓட்டல் கொடுத்தது: ஒரு தம்பதிக்கு ஒரு நாள், சாப்பாடும், முகத்தில் கண்ணாடி மாட்டிக் கடலுக்குள் பார்ப்பதும் சேர்த்து. ஓட்டல்காரர்கள் குறித்த நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றால் எங்கள் ஊரில் கறுப்புப் பயறும் பன்றிக்கறியும்தான் சாப்பாடு. பாதித் தெரு நிக்கனோராவின் பானையைத்தான் நம்பியிருக்கிறது. அவள் சனிக்கிழமையே அடுப்பை அணைத்தாள். கை நன்றாக ஆற வேண்டுமே. எலிஹியோ இரண்டு நாள் பிஸ்கட் தின்றான்.

திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார்கள். ஓட்டல் அறுநூறு அடி தூரம். விடுமுறைக்குப் போகிறவர்கள் பெட்டி கொண்டுபோக வேண்டும் என்று எலிஹியோ சொல்லிவிட்டான். உள்ளே ஒரு துண்டு மட்டும் இருந்தது. வாசலில் கையில் பச்சைப் பட்டை கட்டிவிட்டார்கள்.

காலைப் பலகாரத்தில்தான் வந்தது வினை. விருந்தினர் கண்ணெதிரே ஒரு பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சுட்டது ஒரு பக்கம் அட்டை, மறுபக்கம் வேகாத மாவு. நிக்கனோரா ஒன்றைத் தின்றாள். இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் கிழவி," என்றான் எலிஹியோ. அவனுக்கு அந்தப் பார்வை தெரியும்.

"நான் சும்மாதான் பார்க்கிறேன்."

சும்மா எழுந்து, சும்மா மேசைக்குப் பின்னால் போய், "தள்ளிக்கோம்மா, கல்லு காயவே இல்ல," என்றாள். முப்பது ரொட்டி சுட்டாள். ஒவ்வொன்றும் பூரித்து எழுந்தது. வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். முப்பத்தொன்றாவதைத் திருப்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். எலிஹியோவும் பார்த்தான். அடுப்புப் போலச் சிவந்திருந்தது.

"போச்சு. இன்னைக்கு நீ இறங்க முடியாது."

"நாளைக்கு?"

"நாளைக்கு இந்தப் பட்டை செல்லாது."

நிக்கனோரா அழவில்லை. அந்தப் பெண்ணிடம் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்கினாள். மஞ்சள் நிறம், முழங்கை வரைக்கும் வருவது. மணிக்கட்டில் தலைமுடி ரப்பரைப் போட்டு இறுக்கினாள்.

"முகமும்தானே நெருப்புக்கு முன்னாடி நின்னுச்சு?" என்றான் எலிஹியோ.

"அதுக்குத்தான் கண்ணாடி மாட்டப்போறேன்."

ஓட்டல் அனுப்பிய படகு செஃபெரினோவுடையது. செஃபெரினோ எலிஹியோவுக்கு நண்பன், தொழிலில் போட்டி. "பயணியா வந்திருக்கே, பயணி மாதிரி உட்காரு," என்று எலிஹியோவைக் கடைசிப் பலகையில் உட்காரவைத்தான். பிறகு கையுறையைப் பார்த்தான்.

"கடலுக்குள்ள என்ன, பாத்திரமா கழுவப்போறீங்க?"

"ஆமா, முதல்ல உன் வாயை."

அவள் கண்ணாடியையும் மூச்சு விடும் குழாயையும் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கி, முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். கீழே துவைக்கிற தொட்டி அகலத்தில் ஒரு ஆமை புல் மேய்ந்துகொண்டிருந்தது. பிடுங்கியது, மென்றது, வேண்டாததைத் துப்பியது. கொல்லையில் கட்டின மாடு போல அப்படி ஒரு நிதானம். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க மேலே வந்தது. போகிற வழியில் மஞ்சள் கையுறையை நின்று பார்த்தது. திரும்ப மேய இறங்கியது.

அப்போது இடது கையுறைக்குள் தண்ணீர் புகுந்தது. விரல் விரலாகக் குளிர்ந்தது. நிக்கனோரா வாய் கோணுவதற்காகக் காத்திருந்தாள். வாய்க்குள் குழாய் இருந்ததால் எந்தப் பக்கம் கோணுகிறது என்று தெரியவில்லை. சரி, கோணினதே கோணட்டும் என்று ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகில் ஏறச் சொல்லி செஃபெரினோ இரண்டு தரம் விசிலடித்தான். மூன்றாம் தரம் எலிஹியோ காலைப் பிடித்து இழுத்தான்.

"வாய் எப்படி இருக்கு?" மேலே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி.

"நேராத்தான் இருக்கு."

கரையில் இறங்கி அவள் கையுறையைக் கழற்றி உதறினாள். பிறகு சொன்னாள்: "முப்பது வருஷமா 'நல்லா இருந்துச்சு'ன்னு ஒத்தை வார்த்தையைத்தானே கொண்டுவந்து போட்டே."

எலிஹியோ யோசித்தான். "வேற என்னத்தைச் சொல்றது?"

"புல்லு திங்குதுன்னாவது சொல்லியிருக்கலாம்."

மத்தியானம் தேங்காய்ப்பூவில் புரட்டிப் பொரித்த இறால் வந்தது. எலிஹியோ திங்கட்கிழமைப் பயறும் பன்றிக்கறியும் கேட்டான். அது வெளியூர்க்காரர்களுக்கு நம்மூர்ச் சாப்பாடு போடும் 'மெக்சிகோ இரவு' அன்றைக்குத்தான், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். நிக்கனோரா இறாலை ருசி தெரியாமல் தின்றாள். அவள் கண் கடல் பக்கமே இருந்தது.

அந்த வாரம் முழுக்க பிளாசிதா தினமும் வந்து, நிக்கனோராவின் முகத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். வாய் குவிகிறதா என்று பார்க்க விசிலடிக்கச் சொன்னாள். சனிக்கிழமை தீர்ப்பு சொன்னாள்: "இடது பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கு."

"மதினி, அது என் கல்யாணத்தன்னைக்கே இழுத்தது."

அடுத்த திங்கட்கிழமை பானையில் பயறு கொதித்தது, கல்லில் ரொட்டி வெந்தது. படகேற ஆள் வராததால் எலிஹியோ வீட்டில்தான் இருந்தான். பத்து மணிக்கு நிக்கனோரா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆணியில் தொங்கின எலிஹியோவின் கண்ணாடியையும் குழாயையும் எடுத்தாள். பக்கத்து ஆணியில் மஞ்சள் கையுறை. அதைத் தொடவில்லை.

"கிழவி, கை சூடா இருக்கு," என்றான் எலிஹியோ.

"இருக்கட்டும்."

"கையுறை?"

"அதுதான் ஓட்டையாச்சே."

"வாய் கோணிக்கிட்டா என்ன பண்றது?"

"நீதானே பார்க்கணும், கிழவா. முப்பது வருஷம் நேராப் பார்த்துட்டே, போதாதா?"

எதிர்ச் சன்னலில் பிளாசிதா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பார்த்தது அவ்வளவுதான். அவளுக்குக் கேட்காமல் போனதைச் சொல்கிறேன். நிக்கனோரா வாசற்படியில் நின்று, திரும்பி, "பயறைக் கிளறிவிடு, அடி பிடிச்சுரும்," என்றாள். புருஷனை விட்டுப் போகிறவள் அப்படிச் சொல்லிவிட்டா போவாள்? எலிஹியோ கரண்டியை எடுத்தான். அவள் கதவைக்கூடச் சாத்தாமல், சூடான கையை வீசிக்கொண்டு வெளியே போனாள்.